சுவருக்குப் பின்னால் ஒரு வாயாடி

ஜூன் 4

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

போனில் கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். உங்கள் அண்ணன் வீட்டில் சாப்பாடு, தூக்கம், அந்த ஊரில் புது வேலை எல்லாம் எப்படி? என் கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். லிஃப்ட் கம்பெனியில் வேலை போனதை என்னிடம் மறைத்து, இரண்டு மாதம் தினமும் கருவிப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினீர்களே! நான் ஓட்டும் பேருந்து சிக்னலில் நிற்கிறது. பூங்கா பெஞ்சில் அந்தப் பையோடு என் புருஷன். பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் பச்சை விழுந்ததே எனக்குத் தெரிந்தது.

சரி, அது கிடக்கட்டும். உங்கள் கணினியில் தூசி துடைக்கப் போய் அந்தப் போர் விளையாட்டைத் திறந்துவிட்டேன். "பொம்மைகளைப் பார்த்துக்கிட்டு ஒரு மனுஷன் இவ்வளவு நேரம் உட்காருவாரா" என்று எத்தனை தடவை திட்டியிருப்பேன்! நீங்கள் விட்டுப்போன இடத்திலேயே எல்லோரும் நிற்கிறார்கள். எதிரிகூட நகரவில்லை. "உங்கள் முறை" என்று மட்டும் இருக்கிறது. எனக்கு என்னவோ போலாகிவிட்டது. எப்படி ஆடுவது என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் கோபமாக இருக்கும் உங்கள் மனைவி


ஜூன் 13

என் வாயாடிக்கு,

உன் கடிதத்தை மாடிக்கு எடுத்துப் போய்ப் படித்தேன். சாப்பாட்டுக்குக் குறையில்லை. இங்கே மருத்துவமனை லிஃப்டுகளைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்த வேலை, நன்றாகப் போகிறது.

விளையாட்டுக்கு வருகிறேன். தரை முழுக்கக் கட்டங்கள். உன் முறையில் ஒவ்வொரு வீரனும் இரண்டு காரியம் செய்யலாம்: நகரலாம், சுடலாம், மறைந்து நிற்கலாம். நீ முடிக்கும்வரை எதிரி கைகட்டி நிற்பான். இதன் அழகே அதுதான். பளபளவென்று எத்தனையோ புது விளையாட்டுகள் வந்து போய்விட்டன. இருபது வருடமாக இதைவிட்டு என்னால் போக முடியவில்லை. ஆறு பேர், ஒரு சுவர், ஒரு கதவு. அதற்குள் எத்தனை வழிகள்! ஒரு சண்டை மாதிரி இன்னொன்று வந்ததே இல்லை. தோற்றால் கை வேகம் போதவில்லை என்று சாக்கும் சொல்ல முடியாது. நம் புத்தி அவ்வளவுதான். விழுந்தவன் திரும்ப வரமாட்டான், அதனால் ஒவ்வொரு அடிக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

ஆடிப் பார். ஊர் நெரிசலில் பஸ் ஓட்டுகிற உனக்கு இதெல்லாம் ஜுஜுபி.

அன்புடன்,
உன் புருஷன்


ஜூன் 24

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

எழுத்தா அது? கோழி கிளறியது மாதிரி இருக்கிறது. எழுதக்கூட அவசரமா?

ஜுஜுபியாம்! முதல் நாளே இரண்டு பேரைப் பறிகொடுத்தேன். எண்பத்தைந்து சதவீதம் குண்டு படும் என்று திரையில் போட்டுவிட்டு, மூக்குக்கு முன்னால் நிற்பவன்மேல் படவில்லை. "அடப்பாவி!" என்று நான் கத்தியதில் பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து எட்டிப் பார்த்தார். ஆனால் நீங்கள் இதில் ஏன் கிடந்தீர்கள் என்று இப்போது புரிகிறது. சாலையில் எனக்கு யோசிக்க ஒரு நொடி கிடைக்காது. இங்கே டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் உலகம் எனக்காக நிற்கிறது. அருமையான விளையாட்டு. சொல்லிவிட்டேன், போதுமா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வீரர்களுக்கு நீங்களே பெயர் வைத்திருக்கிறீர்கள். அண்ணன் இருக்கிறார். உங்கள் முதலாளி இருக்கிறார், அவரை எப்போதும் முன்னால் அனுப்பியிருக்கிறீர்கள், விழுந்து விழுந்து சிரித்தேன். கடைசியில் மருந்துப் பெட்டியோடு 'வாயாடி'. எல்லோர் தோளிலும் பதவிப் பட்டை ஏறியிருக்கிறது; வாயாடிக்கு மட்டும் ஒன்றுமில்லை. இத்தனை சண்டைக்குப் பிறகும் அவள் கணக்கில் மருந்து போட்டது பூஜ்யம். சுவருக்குப் பின்னாலேயே நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்.

முதலில் கண் கலங்கியது. பிறகு பற்றிக்கொண்டு வந்தது. தினமும் ஒரு பேருந்து நிறைய ஆட்கள் என்னை நம்பி ஏறுகிறார்கள். பக்கத்தில் போனால்தானே மருந்து போட முடியும்? நீங்கள் அடிபட்டு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது நான் எங்கே இருந்தேன்?

அவளை வெளியே நகர்த்திவிட்டேன். ஆட்டத்தைப் பென் டிரைவில் போட்டு இத்துடன் அனுப்புகிறேன். இனி நீங்கள் ஆடுங்கள். அவளைத் திரும்பச் சுவருக்குப் பின்னால் வைத்தால் இதுதான் என் கடைசிக் கடிதம்.

உங்கள் மனைவி


ஜூலை 5

என் வாயாடிக்கு,

அண்ணன் கணினியில் விளையாட்டை ஏற்றி, நீ அனுப்பியதைத் திறந்தேன். கதவுக்கு நேரே வெட்டவெளியில் நிற்கிறாள். கை தானாக அவளைப் பின்னுக்கு இழுக்கப் போனது. எழுந்து மாடியைச் சுற்றி வந்தேன். நீ பலவீனமானவள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. உன் முன்னால் அடிபட்டவனாக நிற்க எனக்கு வெட்கம், அவ்வளவுதான்.

அவளை முன்னால் அனுப்பினேன். விழ இருந்த அண்ணனுக்கு மருந்து போட்டாள். அவளுக்கும் ஒரு குண்டு பட்டது, ஆனால் விழவில்லை. முதல் பட்டை ஏறிவிட்டது.

இன்னொன்று சொல்ல வேண்டும். வேலை நன்றாகப் போகிறது என்று எழுதியது பொய். வந்த முதல் வாரமே வலது தோளில் தசை கிழிந்துவிட்டது, கையைத் தூக்க முடியவில்லை. பதினான்காம் தேதி அறுவை சிகிச்சை. ஒப்பந்தத்தையும் நிறுத்திவிட்டார்கள். அண்ணனிடம் சுளுக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன். உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். கோழி கிளறியது இடது கையால். பயமாக இருக்கிறது.

உன் புருஷன்


ஜூலை 9

கோழி கிளறியவருக்கு,

டிப்போவில் விடுப்பு சொல்லிவிட்டேன். "என்னம்மா திடீர்னு?" என்றார் மேலாளர். "வீட்டுக்காரருக்குக் கை சரியில்லை சார், நான் பக்கத்துல இருக்கணும்" என்றேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்துவிட்டால் பிரிக்காதீர்கள், படித்துக் காட்டுகிறேன்.

கை ஆறும்வரை நீங்கள் சொல்லுங்கள், நான் நகர்த்துகிறேன். பிடிக்காவிட்டால் சண்டை போடுவேன். எதிரி காத்திருப்பான். முதலாளியை முன்னால் அனுப்புவதை மட்டும் மாற்ற வேண்டாம்.

கோபம் இன்னும் பாதி இருக்கிறது. அதையும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

உங்கள்
வாயாடி