ஷட்டருக்குக் கீழே ஒட்டிய பட்டை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். உன் மனைவி அனுப்பிய படத்தில் பாப்பா முளைத்த இரண்டு பல்லையும் காட்டிச் சிரிக்கிறாள். அச்சு அசல் நீதான், காது மட்டும் தப்பித்துவிட்டது.

போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவாய் என்றுதான் கடிதம். தலைவலி என்று போன இடத்தில் டாக்டர் பிரஷருக்கு மாத்திரை கொடுத்தபோது, "பஸ் டிப்போல பத்து வருஷமா இன்ஜின் பாக்குறவனுக்குத் தலை வலிக்காம காலா வலிக்கும்?" என்று கேட்டவன்தானே நீ!

ஆய்வகத்தில் என் வேலை உனக்குத் தெரியும். ரத்தக் குழாயின் உள்சுவரில் ஒற்றை அடுக்காக ஒட்டியிருக்கும் செல்களைத் தட்டில் வளர்க்கிறேன். அவை கெட்டால் பிரஷரும் ஏறலாம். பாதித் தட்டுகளுக்குச் சுத்தமான காற்று, மீதிக்கு வண்டிப் புகையில் இருக்கும் வாயு. போன மாதம் சுத்தக் காற்றுத் தட்டுகளிலும் செல்கள் சுருங்கி, நடுநடுவே ஓட்டை விழுந்திருந்தது. ஆய்வகத் தலைவி மேடம் என்னைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். தேடிப் பார்த்தால் வாயுக் குழாயில் லேசான கசிவு. குளிருக்காக நான் ஜன்னல் இடுக்கில் துணியைத் திணித்திருந்தேன். வாயு வெளியே போக வழியில்லாமல் அறைக்குள்ளேயே சுற்றியிருக்கிறது.

அந்தத் துணியை உருவும்போது கை நின்றுவிட்டது. போன குளிர்காலத்தில் டிப்போவில் நீ வேலை பார்க்கும் ஷெட்டின் ஷட்டருக்கு அடி இடுக்கை அடைக்க ரப்பர் பட்டை வாங்கி அனுப்பியது நான்தானே. "அக்கா, இப்ப உள்ள கதகதன்னு இருக்கு" என்று போனில் சொன்னாய். உள்ளே இன்ஜின் ஓடும் சத்தம் எனக்கும் கேட்டது. அன்றைக்குப் பெருமையாக இருந்தது, அந்தப் புகையையும் உன்னோடு சேர்த்து உள்ளே அடைத்தது நான்தான் என்று இன்றைக்குத்தான் புரிகிறது.

நல்ல சேதியும் உண்டு. கெட்டுப்போன தட்டுகளைக் கொட்ட மனமில்லாமல் நல்ல காற்றில் வைத்தேன். நான்காம் நாள், மிஞ்சிய செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து ஓட்டைகளை மூடியிருந்தன. மேடமே மைக்ராஸ்கோப்பை விட்டு எழவில்லை. உடம்பிலும் அப்படியே நடக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனாலும் நம்பிக்கை வந்துவிட்டது.

மாத்திரையை விடாதே. டாக்டரிடம் புகையைப் பற்றியும் சொல். பட்டையை இன்றே பிய்த்தெறிந்து, ஷட்டரை முழுக்கத் தூக்கி வை. குளிருக்கு ஸ்வெட்டர் பின்னி அனுப்பியிருக்கிறேன். கை நீளமாகிவிட்டது, மடித்துக்கொள். அதைப் போட்டுக்கொண்டு, பின்னால் திறந்த ஷட்டர் தெரிய ஒரு படம் அனுப்பு.

பாப்பாவுக்கு இந்தப் பல் விழுந்து முளைப்பதையும், அவள் பிள்ளைக்குப் பல் முளைப்பதையும் நீ பார்க்க வேண்டும், தம்பி.

அன்புடன்,
பட்டை அனுப்பிய அக்கா