படுத்திருப்பவர் கணக்கில் வரமாட்டார்

அன்புள்ள சின்னவளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும், அதுவே எங்களுக்குப் போதும். போனில் சொன்னால் நடுவில் தடுமாறி வேறெதையோ சொல்லி வைத்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன். வரிசை குழம்பாமலிருக்க முதலிலேயே குறித்துவிடுகிறேன்.

1. நகராட்சியின் படப்பிடிப்புச் சலுகையும் அதில் என் சிறு பங்கும்.
2. அம்மாவுக்குக் கிடைத்த வேலை.
3. நான் பிணமாக நடித்தது (பயப்படாதே).
4. நான் எழுதிய ஏழாம் விதி, சில சங்கடங்களைத் தந்தாலும், அடிப்படையில் சரியானதே.

நம் ஊரில் படமோ தொடரோ எடுக்க வருகிறவர்களுக்குத் தெருவில் படம்பிடிக்கக் கட்டணம் கிடையாது, செலவிலும் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும் என்று நகராட்சி ஒரு திட்டம் கொண்டுவந்திருக்கிறது. பதிலுக்கு உள்ளூர்க்காரர்கள் பன்னிரண்டு பேருக்காவது அவர்கள் வேலை தர வேண்டும். ஓய்வுபெற்ற எழுத்தர் என்பதால் விதிகளை வரைந்துதரச் சொல்லி என்னைக் கேட்டார்கள். எனக்கு மறுக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். பெயருக்கு ஆட்களைக் காட்டி ஏமாற்றிவிடுவார்களோ என்ற பயத்தில், அதிகாரி பார்வையிடும்போது உட்கார்ந்திருப்பவரும் படுத்திருப்பவரும் வேலை செய்பவராகக் கணக்கில் வரமாட்டார் என்று ஏழாவதாக ஒன்றைச் சேர்த்தேன். ‘சும்மா உட்கார்ந்திருப்பவர்’ என்றுதான் முதலில் எழுதினேன், ‘சும்மா’ அலுவலக நடைக்குப் பொருந்தாது என்று நானே அடித்துவிட்டேன்.

இரண்டாவது. போன மாதம் ஒரு தொடர்க் குழு வந்து எதிர்வீட்டை வாடகைக்கு எடுத்தது. தையற்கடை மூடியதிலிருந்து இரண்டு வருடமாக உன் அம்மா வீட்டுத் திரைகளையே பிரித்துப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள் அல்லவா, அவளை உடைப் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள். இப்போது நான் பல் துலக்குவதற்குள் கிளம்பிவிடுகிறாள், சமையல் என் தலையில். அவள் பாடிக்கொண்டே படியிறங்குவதை எத்தனை வருடம் கழித்துக் கேட்கிறேன் தெரியுமா. சலுகை கிடைக்காவிட்டால் குழு பக்கத்து ஊருக்குப் போய்விடும், அவள் வேலையும் போய்விடும். எனக்கு அந்த ஒரு கவலைதான்.

மூன்றாவது. ஒரு நாள் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நாற்காலியில் காத்திருந்தேன். பிணமாக நடிக்க வந்தவருக்கு விடாத தும்மல். கணக்குக் காட்ட வேண்டிய உள்ளூர் ஆட்களிலும் ஒருவர் வேலையை விட்டுவிட, மிச்சம் பதினொரு பேர்தான். இயக்குநருக்கு உன் வயதுதான் இருக்கும், என்னை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, ஐயா மாதிரி அசையாம உக்காந்திருக்கறவரை நான் பார்த்ததே இல்ல என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். வீட்டுல செய்யறதைத்தானே இங்கேயும் செய்யப்போறீங்க, போய்ப் படுங்க என்றாள். ஏழாம் விதி எனக்கு நினைவுக்கு வராமலில்லை. அதிகாரி வருமுன் தகவல் வரும், எழுந்துகொள்ளலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அதிகாரி ஒரு அம்மையார், சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். நான் கண்ணை மூடிக் கட்டிலில் கிடக்கிறேன், காதில் மட்டும் எல்லாம் விழுகிறது. பதினொண்ணுதான் இருக்கு என்கிறார். மேடம், இவர் வேலையே படுத்திருக்கறதுதான் என்று இயக்குநர் கெஞ்சுகிறார். இருக்கலாம் சார், ஆனா விதியில படுத்திருக்கறவர் கணக்குல வரமாட்டார்னு இருக்கே என்கிறார் அவர். எந்த மகான் மேடம் இதை எழுதினது, கையில கிடைச்சா தெரியும் என்று இயக்குநர் கத்த, அந்த மகானைத்தான் படுக்க வெச்சிருக்கீங்க என்றது உன் அம்மாவின் குரல்.

இனிப் பிணமாகக் கிடப்பது நியாயமில்லை என்று எழுந்தேன். அதிகாரி இரண்டடி பின்னால் போனார். மன்னிக்கணும், விதி என்னோடதுதான் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, இப்போ நிக்கறீங்க, சரி, ஆனா வேலை எதுவும் செய்யலையே என்றார். அதுவும் என் விதிப்படி சரிதான். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், தாளும் பேனாவும் கேட்டேன். விதியைத் தளர்த்தக் கோரி, சுவரில் தாளை வைத்து நின்றபடியே மனு எழுத ஆரம்பித்தேன், முகத்துப் பவுடர் எழுத்தின்மேல் உதிர்ந்துகொண்டே இருந்தது. மூன்றாவது காரணத்தை எழுதும்போது இயக்குநர் துள்ளினார். மேடம், நல்லா பாருங்க, ஐயா எங்களுக்காக வேலை செய்யறார், நின்னுக்கிட்டு, எங்க மனு எழுத்தரே இவர்தான் என்றார். அப்போ பிணம் என்று அதிகாரி கேட்டார். அது ஓய்வு நேரத்துல என்றார் இயக்குநர். அந்த அம்மையாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பன்னிரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இதுவரை நேற்று எழுதி நிறுத்தினேன். நான்காவதை இன்று விளக்கமாக எழுத எண்ணியிருந்தேன். சாயங்காலம் வந்த உன் அம்மா செருப்பைக் கழற்ற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், இரண்டு காலும் வீங்கியிருந்தன. என்ன என்றேன். மிஷின்ல உக்காந்து தைச்சா கணக்குல வரமாட்டேனே, அந்த அதிகாரியம்மா எப்ப வருவாங்கன்னு யார் கண்டா, முதல் நாள்லேருந்தே நின்னுக்கிட்டு கையாலதான் தைக்கறேன் என்றாள். எங்கிட்ட ஏன் சொல்லலை என்றேன். எழுதி முடிச்சு அவ்வளவு சந்தோஷமா படிச்சுக் காட்டினீங்களே என்றாள்.

வெந்நீர் வைத்துக் கொடுத்திருக்கிறேன். விதியைத் திருத்தச் சொல்லும் மனுவை நாளை காலை நானே நகராட்சிக்கு எடுத்துப்போய், பதில் கிடைக்கும்வரை அங்கேயே நிற்கப்போகிறேன். நீ போனில் அம்மாவின் காலைப் பற்றிக் கேள், நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று நெடுங்காலம் ஒற்றுமையாக வாழ எங்கள் ஆசிகள்.

முதல் பக்கத்தில் நான்காவதாக எழுதியிருப்பது தவறு.

இப்படிக்கு,
உன் அப்பா