துணியில் சுற்றிய குப்பி

சஹானாவுக்கு,

ஆய்வகத்தை விட்டு வந்து இரண்டு வருடமாகிறது. இப்போது சதுரங்கப்பட்டினத்தில் ஒரு நிறுவனத்தின் குடிநீர் வடிகட்டியை விற்கிறேன். பெண்களைக் குழுவாகச் சேர்ப்பதும் நான்தான்.

ஒருத்தி செய்த சோதனையை இன்னொருத்திதான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது உன் சட்டம். இங்கே இன்னொருத்தி இல்லை. தண்ணீர் கெட்டிருந்தால் சோதனைக் குப்பி கறுக்கும். இங்கே வைத்த வடிகட்டியின் திறப்பு விழாவுக்கு முன்னால் நான் சோதித்தபோது லேசாகக் கறுத்தது. நிழல் என்று சொல்லிக்கொண்டேன்.

நேற்று மறுபடி சோதிக்கலாம் என்றதற்குக் குழுவிலிருக்கும் பூங்கொடியக்கா சிரித்தார். "நீதான் பாத்துட்டியே, இன்னொரு தபா இன்னாத்துக்கு? எங்க வூட்டுப் புள்ளைங்க அதத்தான் குடிச்சிகினு கீதுங்க."

அப்படி நம்பவைத்ததற்குத்தான் எனக்குப் பதவி உயர்வு.

ஆனாலும் சோதனை செய்தேன். அந்தக் குப்பியைத் துணியில் சுற்றி இத்துடன் கொடுத்தனுப்புகிறேன். நீயே பிரித்துப் பார். உன் சட்டத்துக்காக என்று நினைத்துவிடாதே. எனக்குப் பார்க்கத் தைரியமில்லை.

உன் எதிர்மேசைக்காரி