ஒளிவட்டம் போனால் முழுக்கூரை

கன்னியர் மடம், டூர்னே அருகே
1921 மார்ச் 3

சேசு மரி சூசை.

பிரியமுள்ள தங்கை ஓர்தான்சுக்கு,

சுகமாக இருக்கிறாயா? பிரஸ்ஸல்ஸில் குளிர் விட்டதா? கிறிஸ்துமசுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. வியாபாரிக்கு அக்கா விலைபோகாத சரக்குதான், இருந்தாலும் எழுது.

போரில் குண்டு விழுந்த கூரைக்குத் தார்ப்பாய் போட்டிருந்தோம். இந்த மழையில் அதுவும் கிழிந்தது. உணவறையில் தொங்கும் புனித ஜூலித் படத்தை உன் மூலம் விற்கலாம் என்கிறார் எங்கள் தலைவி, தாயார் குடூல். வெளியாரை உள்ளே விடுவதில்லை என்பதால் நீ அதைப் பார்த்ததில்லை. விதவைப் புனிதை. தூணில் கட்டி இரண்டு சிப்பாய்கள் சாட்டையால் அடிக்கிறார்கள். முதுகு நம் பக்கம். முகம் மட்டும் தோளுக்கு மேல் திரும்பியிருக்கிறது. காலில் சிவப்புக் காலணி. வேதசாட்சிகளின் இரத்தம் அது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கன்னியராக வார்த்தைப்பாடு கொடுக்கும் முன் ஒவ்வொருத்தியும் அந்தக் காலணியை முத்தமிடுவது இங்கே வழக்கம். நானும் செய்தேன். அந்த முகத்துக்காகத்தான் வீட்டுப் பெயரை விட்டு ஜூலித் என்ற மடத்துப் பெயரைக் கேட்டு வாங்கினேன்.

நேற்று படத்தை இறக்கினார்கள். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சூப் ஆறிப்போயிருந்தது, குடித்தேன். கொஞ்ச காலமாக எல்லாம் இப்படித்தான். ஜெபம் சொல்கிறேன், மரத்துப்போன கையால் எதையோ தொடுவது போல இருக்கிறது.

ஒரே நிபந்தனை. யாராவது ஜெபம் செய்கிற இடத்துக்குப் படம் போகட்டும்.

உன் அக்கா,
சகோதரி ஜூலித்


மீன் சந்தைத் தெரு, பிரஸ்ஸல்ஸ்
1921 மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கும், அவளுக்கு முன்னால் உறையைப் பிரித்துப் படிக்கும் தாயார் குடூலுக்கும் வணக்கம். தாயாரே, இந்த முறை உட்கார்ந்து படியுங்கள்.

படம் நனையாமல் வந்து சேர்ந்தது. கோவில்காரர்கள் வாங்க மாட்டார்கள். போருக்குப் பிறகு ஒழுகாத கோவில் எங்கே இருக்கிறது? சாட்டைப் படத்தைக் கேட்டு வாங்குகிறவர்கள் என் கடையின் பின்னறைக்கு வருகிறவர்கள். அங்கே என்ன விற்கிறேன் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. திருவிழாக்களில் புனிதர் படம் விற்றுத்தானே தொடங்கினேன். அதை அச்சடித்தவனே வேறு படமும் அச்சடித்தான். கூடையில் மேலே புனிதர்கள், அடியில் சாட்டைகள். எனக்குக் கடை வாங்கிக் கொடுத்தது அடிக்கூடைதான்.

இத்தனை வருடம் விற்றதில் எனக்குத் தெரிந்தது இது. பாவம் தீரத் தங்கள் முதுகில் தாங்களே அடித்துக்கொண்டு ஊர்வலம் போனவர்களை முதலில் வரைந்தார்கள். பின்னால் வந்தவர்கள் ஜெபத்தை விட்டுவிட்டு முதுகை வைத்துக்கொண்டார்கள். சீமான்கள் காலத்தில் புனிதையும் போனாள். சாட்டையும் சீமாட்டியும் மிஞ்சினார்கள். இப்போது வியன்னாவிலிருந்து வருகிற சில படங்களில் ஆளே இல்லை. பளபளவென்று ஒற்றை பூட்ஸ், அவ்வளவுதான். அதற்கும் ஆள் இருக்கிறது.

பழைய படங்களைச் சுத்தம் செய்கிற கிழவர் வவுட்டர்ஸ், அவள் தலையைச் சுற்றிய ஒளிவட்டத்தின் ஓரத்தில் பஞ்சை வைத்துத் தேய்த்தார். பொன்னிறம் பஞ்சோடு வந்துவிட்டது.

"மேடம், இந்த வட்டத்தை யாரோ பின்னாடி மாட்டி விட்டிருக்காங்க. சிப்பாயோட தலைக்கவசத்துக்கு அடியில பாருங்க, பவுடர் போட்ட டோப்பா, சீமான்கள் காலத்து மோஸ்தர்!"

"அந்தச் செருப்பு?"

"அது அசல். ரோமாபுரியில எவ இவ்வளவு உசரக் குதிகால் போட்டா? அடி வாங்க வந்தாளா, ஆட வந்தாளா?"

அக்கா, இவள் புனிதை இல்லை. ஏதோ ஒரு சீமானின் படுக்கையறைக்கு வரைந்த படம். அவன் செத்த பிறகு அவன் பெண்டாட்டி ஒரு வட்டத்தைப் போடச் சொல்லி மடத்துக்குக் காணிக்கையாகத் தள்ளிவிட்டிருப்பாள். என் ஊகம்தான், ஆனால் நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

வட்டத்தோடு விற்றால் பாதிக் கூரை வேயலாம். வட்டத்தை எடுத்துவிட்டால் முழுக்கூரை; லியேழ் நகரத்தில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் காத்திருக்கிறார். இதையெல்லாம் உனக்குச் சொல்லாமலே முடித்திருக்கலாம். பொய் சொல்லி விற்பது எனக்குக் கைவந்த வேலை, ஆனால் உன்னிடம் நான் கடை போடவில்லை. உன் நிபந்தனையை என்னால் காப்பாற்ற முடியாது. எடுக்கவா, விடவா?

தங்கை,
ஓர்தான்ஸ்


கன்னியர் மடம்
1921 ஏப்ரல் 2

சேசு மரி சூசை.

பிரியமுள்ள தங்கைக்கு,

உணவு வேளையில் புனிதர் வரலாறு வாசிப்போம். அன்றைக்கு அதற்குப் பதிலாக உன் கடிதத்தை வாசிக்கச் சொன்னார் தாயார். வாசித்து முடித்ததும் சமையல்கட்டுச் சகோதரி அழுதாள். "அப்போ நாம முத்தம் குடுத்தது எவ கால்ல?"

எங்களில் மூத்தவரான சகோதரி ஆல்தகோந்த் சிரித்துவிட்டார். "எனக்கு அப்பவே சந்தேகம்டி. கால்ல அதை மாட்டிக்கிட்டு மோட்சத்துப் படி ஏற முடியுமா?"

"மழைக்குப் புனிதையும் ஒண்ணுதான், சீமாட்டியும் ஒண்ணுதான்," என்றார் தாயார். "நமக்கு ஓடு வேணும். ஜூலித், அந்தப் பேரு உன்னோடது. நீ சொல்றதுதான்."

எடுத்துவிடச் சொல். எங்களுக்காக அவள் அதைச் சுமந்தது போதும்.

எனக்குக் கோபமா என்று நீ கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்திருப்பாய். இல்லை. கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், காலி அறைக்குள் போய்த் திரும்பியது போல இருந்தது. ஒன்று மட்டும் சொல். வட்டம் போன பிறகு அந்த முகம் எப்படி இருக்கிறது?

சகோதரி ஜூலித்


மீன் சந்தைத் தெரு
1921 ஏப்ரல் 25

அன்புள்ள அக்காவுக்கு,

தாயாருக்கு வணக்கம். பணம் தனியாக வருகிறது. முழுக்கூரை.

முகம் அதேதான். ஒரு கோடு மாறவில்லை. ஆனால் வட்டம் இருந்தபோது அவள் வானத்தைப் பார்ப்பதாகத் தோன்றியிருக்கும். இப்போது பார்த்தால் வரைகிறவனைத்தான் பார்க்கிறாள். வலியும் இல்லை, பரவசமும் இல்லை. முப்பதைத் தாண்டியவள், கூலிக்கு நிற்கிறவள். இடது குதிகாலைக் காலணியிலிருந்து லேசாகத் தூக்கியிருக்கிறாள். காலணி அவள் அளவு இல்லை. "இன்னும் எவ்வளவு நேரம்யா?" என்று கேட்கிற முகம். படக்கூடை தூக்குவதற்கு முன் மீன் கடையில் நாள் முழுக்க நின்ற காலத்தில் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

நீதிபதி வந்தார். முகத்தைப் பார்க்கவே இல்லை. குனிந்து காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது யாருன்னு தெரியுமா, மேடம்?"

"தெரியாது, ஐயா. தெரிஞ்சா விலை ஏறுமா?"

"வேண்டாம், வேண்டாம். தெரியாமலே இருக்கட்டும்."

திரைக்குப் பின்னால் மாட்டுவாராம். மண்டியிட்டுப் பார்க்கிற உயரத்தில். உன் நிபந்தனை அந்த அளவுக்குத்தான் நிறைவேறியது.

தாயார் படிப்பார் என்று தெரிந்தேதான் இதை எழுதுகிறேன். என் கடைக்கு மேலே ஓர் அறை காலியாக இருக்கிறது. மீன் வாடை வரும். வா என்று சொல்லவில்லை. அறை இருக்கிறது என்று சொல்கிறேன்.

ஓர்தான்ஸ்


கன்னியர் மடம்
1921 ஜூன் 11

அன்புள்ள ஓர்தான்சுக்கு,

உன் கடைசிக் கடிதத்தைத் தாயார் பிரிக்காமலே என் கையில் கொடுத்தார். "இதை நான் படிச்சா, பதில் சொல்ல வேண்டியவ நானாயிடுவேன்," என்றார். இந்தக் கடிதத்தையும் நானே ஒட்டுகிறேன்.

கூரை முடிந்துவிட்டது. மழை பெய்கிறது, உள்ளே சத்தம் மட்டும் கேட்கிறது. படம் இருந்த இடத்தில் சுவர் வெளுப்பாக இருக்கிறது. சாப்பிடும்போது எல்லோரும் இன்னும் அங்கேதான் பார்க்கிறோம். போன ஞாயிறு ஒருத்தி வார்த்தைப்பாடு கொடுத்தாள். "நான் எதை முத்தமிடணும், தாயாரே?" என்று கேட்டாள். தாயார் வெளுத்த இடத்தைக் காட்டி, "சுவத்தைத்தான்" என்றார். அவளும் முத்தமிட்டாள். முகத்தில் சுண்ணாம்பு ஒட்டியது. அழகாகத்தான் இருந்தாள்.

எனக்கு வலித்திருந்தால் அன்றைக்கே புறப்பட்டு வந்திருப்பேன். வலிக்காதவள் எதற்காகப் போக வேண்டும் என்று இருந்துவிட்டேன். ஆனால் நீ எழுதிய அந்த இடது குதிகால் மனதை விட்டுப் போகவில்லை. இத்தனை வருடம் அதற்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். கால் வலிக்கிறது அவளுக்கு என்று ஒருநாளும் தெரியவில்லை.

இங்கே நாங்கள் மரக்கட்டைக் காலணிதான் போடுகிறோம். தாழ்வாரத்துக்கு அது போதும். ரயிலடி வரை மண் சாலை, மழையில் சேறு. நடந்து பார்த்தால்தான் கால் வலிக்கிறதா இல்லையா என்று தெரியும்.

என் கால் அளவு உன் அளவுதான், மாறியிருக்காது. தோல் காலணி ஒரு ஜோடி அனுப்பு. கறுப்பு. குதிகால் வேண்டாம்.

உன் அக்கா,
கிளெமான்ஸ்