சம்பிகே பூத்த மக்னோலியா

போன ஞாயிற்றுக்கிழமை ஈஜிபுராவில் உன் வீட்டுக் கேட்டைத் திறந்ததும் சம்பிகே வாசம் அடித்தது. உன் வீட்டில் சம்பிகே மரம் கிடையாது. பக்கத்து வீட்டிலும் கிடையாது. நீ கண்ணை மூடிய இந்த ஒன்றரை வருஷத்தில் அந்தப் பக்கம் வர எனக்கு மனம் வரவில்லை. உன் மகள் சாந்திதான் போன் மேல் போன் போட்டு வரவழைத்தாள். வாசம் வந்த பக்கம் பார்த்தேன். சுவரோரம் நிற்கும் உன் மக்னோலியாவின் அடியிலிருந்து வேறொரு கிளை ஆள் உயரத்துக்கு எழும்பியிருந்தது. அதில் ஆரஞ்சு நிறத்தில் நாலைந்து பூக்கள். நம் ஊர்ப் பக்கம் செண்பகம் என்போமே, அதேதான். பதினோரு வருஷமாக உன்னிடம் நான் மறைத்து வைத்தது அங்கே பூத்து நின்றது.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

தொம்மலூரில் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த ஆறு வீடுகளில் உனக்குத்தான் கைராசிக்காரி என்று பேர். யார் வீட்டுக்குக் கறிவேப்பிலைக் கன்று வந்தாலும், யார் அவரை விதை போட்டாலும், முதல் கை மண்ணை நீதான் தள்ள வேண்டும். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. நான் வைத்த துளசியே இரண்டு தடவை பட்டுப்போனது. அப்புறம் தொண்ணூற்று மூன்றில் ஒரு நாள், வேலைக்குப் போன உன் வீட்டுக்காரர் நெஞ்சு வலிக்கிறது என்று ஆட்டோவில் திரும்பி வந்தார். மறுநாள் அவர் இல்லை.

அதற்குப் பிறகு உன்னைக் கன்று நட யாரும் கூப்பிடவில்லை. யாரும் தப்பாக ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான். கோடி வீட்டு ஜெயம்மா மல்லிகைக் கன்றை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு உன் வாசலைத் தாண்டியதை நான் பார்த்தேன். அன்றைக்குச் சாயங்காலம் குழாயடியில் அவளைப் பிடிபிடியென்று பிடித்தேன். எதற்கென்று அவளுக்கும் புரிந்தது. குடத்துக்காகச் சண்டை போடுவதாகவே இரண்டு பேரும் நடித்தோம். நீ உள்ளே தையல் மிஷினை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டிருந்தாய்.

மறு வருஷம் ஜூன் மழையில், என் ஆபீஸ் இருந்த பழைய பங்களாவின் தோட்டக்கார மாலி மக்னோலியாப் புதரைக் கவாத்து செய்தான். அதன் பூ ஒன்றை முன்பே உன்னிடம் கொடுத்திருக்கிறேன். மிஷின் மேல் வைத்து மூன்று நாள் மோந்துகொண்டிருந்தாய். எட்டுக் குச்சிகளை ஈர நியூஸ்பேப்பரில் சுற்றி உன்னிடம் கொண்டுவந்தேன். நீ தொடவே மாட்டேன் என்றாய். நான் வைத்தால் நிச்சயம் சாகும், நீ வைத்தால் ஒரு வேளை பிழைக்கும் என்று அடம்பிடித்தேன். மாலி சொன்ன பக்குவத்தை ஒப்பித்தேன். கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்ட வேண்டும், அடி இலைகளை எடுத்துவிட வேண்டும், மேல் இலைகளைப் பாதியாக நறுக்க வேண்டும், வேர்ப் பவுடரில் தோய்த்து மணலும் தேங்காய் நார்த்தூளும் கலந்த கலவையில் ஊன்றி, மேலே பிளாஸ்டிக் கவர் போட்டு இரண்டு மூன்று மாதம் மறந்துவிட வேண்டும்.

உனக்கு மறக்கத்தான் வரவில்லை. தினம் சாயங்காலம் கவரைக் கழற்றி, பாவம், மூச்சு முட்டுமே என்று காற்றாட விட்டாய். அதுதான் காரணம் என்று மாலி பிற்பாடு தலையில் அடித்துக்கொண்டான். அப்போது நமக்குத் தெரியாது. ஒவ்வொன்றாகக் கருத்தது. ஏழாவது போனபோது நீ அழக்கூட இல்லை.

"செடிக்கே தெரிஞ்சிருக்கு பாரு," என்றாய்.

அந்த வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை. கணவனின் முதல் தெவசத்துக்கு நீ சாந்தியோடு கோலார் தங்கவயல் போனாய். மிச்சமிருந்த எட்டாவது குச்சியும் நீ ரயில் ஏறிய அன்றைக்கே வாடிவிட்டது. நான் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு லால்பாக் பக்கத்து நர்சரிக்குப் போனேன். அங்கே கிடைத்தது ஒட்டுக்கன்று. அடியில் சம்பிகே வேர், அதன்மேல் மக்னோலியாவை ஒட்டியிருந்தார்கள். ஒட்டு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும், கீழே துளிர்த்தால் கிள்ளிவிட வேண்டும் என்று நர்சரிக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். தெரிந்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று நான் ஒட்டை மண்ணுக்குள் புதைத்தேன். பளபளவென்று இருந்த இலைகளை உன் குச்சியைப் போலவே பாதியாக நறுக்கினேன். அதே உடைந்த பக்கெட், அதே கவர்.

நீ திரும்பி வந்து பையைக்கூட இறக்காமல் அதன் முன்னால் உட்கார்ந்தாய். நுனியில் ஒரு துளிர். வெகுநேரம் பார்த்தாய். "பிடிச்சிடுச்சுடி," என்றாய், என்னைப் பார்க்காமலே. நான் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று உள்ளே ஓடி, அழுது முடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த மழைக்கு நீயே குச்சி கேட்டாய். இந்த முறை கவரைத் தொடவில்லை. பத்தில் மூன்று வேர்விட்டன, நிஜமாகவே. ஒன்றை ஜெயம்மாவுக்கு நீயே கொண்டுபோய்க் கொடுத்தாய். அவள் வாங்கி வைத்துக்கொள்ளாமல், "நீவே நெட்டுகொடி அக்கா," நீங்களே நட்டுக் கொடுங்கள் என்று மண்வெட்டியை உன் கையில் கொடுத்துவிட்டு நின்றாள். நீ நட்டாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் ஒரு பொய்யால் உன்னைத் தூக்கி நிறுத்திவிட்டேன் என்று அன்றிலிருந்து மனசுக்குள் ஒரு கர்வம். நீங்கள் ஈஜிபுராவுக்குக் குடிபோய் அந்த ஒட்டுக்கன்றை நிலத்தில் இறக்கியபோதும், அது பூத்தபோதும், அந்தக் கர்வம் என்னோடு கூடவே வந்தது.

இதைத்தான் போன ஞாயிற்றுக்கிழமை சாந்தியிடம் உளறிக் கொட்டினேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"அம்மாவுக்குத் தெரியும் ஆன்ட்டி. நீங்க ஞாயித்துக்கிழமை வர்றதுக்கு முதல் நாளே அடியில வர்ற சம்பிகே துளிரை நறுக்கிடுவாங்க. உங்க கண்ணுல படக்கூடாதாம்."

எப்போதிலிருந்து என்று கேட்டேன். வைத்த இரண்டாவது மாதத்திலிருந்து என்றாள். நான் லீவு போட்டு லால்பாக் போனதையும் குழாயடியில் யாரோ சொல்லியிருந்தார்களாம். அப்படியென்றால் மறு வருஷம் நீ குச்சி ஊன்றியபோதே, முதல் குச்சி உன் கையில் பிழைக்கவில்லை என்று உனக்குத் தெரியும். ஜெயம்மா வீட்டில் மண் தள்ளியபோதும் தெரியும். தெரிந்துமா மறுபடி வைத்தாள் என்றேன். அதைத் தானும் கேட்டதாகச் சாந்தி சொன்னாள். நீ அவளுக்குச் சொன்ன பதிலை அப்படியே சொன்னாள்.

"என் கைராசி கெடக்கட்டும்டி. எனக்காக ஒருத்தி லீவு போட்டு லால்பாக் வரைக்கும் போயிருக்கா. அது போதாதா?"

பதினோரு வருஷம் ஏமாந்தது நான்தான். உன் மேல் கோபம் வந்தது. உடனே உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இரண்டுக்கும் நீ இல்லை. பொய் சொல்ல எனக்கு ஒரு நாள் லீவு போதுமாயிருந்தது. அதைத் தெரியாத மாதிரி இருக்க உனக்கு எத்தனை சனிக்கிழமை ஆகியிருக்கும். அவ்வளவு பொறுமை எனக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. வாயை அடக்கவே தெரியாதவள் என்று நீயே எத்தனை தடவை திட்டியிருக்கிறாய்.

ஆனாலும் பழகிக்கொண்டிருக்கிறேன். இன்று சாயங்காலம் என் மருமகள் ஒரு டப்பா முறுக்கை என் முன்னால் வைத்து, மத்தியானம் முழுக்க உட்கார்ந்து தானே சுட்டதாகச் சொன்னாள். கையை விட்டபோது அடியில் கடைப் பேப்பர் தட்டுப்பட்டது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் பேப்பரை உருவிக் கசக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, நல்லா வந்திருக்கு, இன்னும் இரண்டு கொடு என்றேன்.