காய்ச்சல் இல்லை, வேலைக்குப் போகலாம்

என் அருமை ஞானம்,

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. உனக்கு நினைவு மலர் போடுகிறார்கள். டாக்டர் ஐயா என்னிடமும் ஒரு பக்கம் கேட்டார். மற்றவர்கள் எல்லாம் உன்னைத் தாய், தெய்வம், விளக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கந்தப்பளை வாத்தியார் கவிதையே எழுதியிருக்கிறார். அதையெல்லாம் படித்ததும் எனக்கு என்ன வந்தது தெரியுமா? அழுகை இல்லையடி, வயிற்றெரிச்சல். செத்த பிறகும் என்னை விடமாட்டேன் என்கிறாயே!

அதனால் உள்ளதை எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் டாக்டர் ஐயா கிழித்துப் போடட்டும்.

நம் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு நீ வருவதற்கு ஒன்பது வருஷம் முன்பே வந்தவள் நான். இந்த லயத்து வீடுகளில் ஓடித் திரியும் பிள்ளைகளில் பாதிப் பேர் என் கையில் பிறந்ததுகள். மனநோய் பார்க்கும் பயிற்சிக்குக் கொழும்புக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. டாக்டருக்கு ஒரு வாரம், நர்ஸ் ஒருத்திக்கு மூன்று மாதம். அன்றைக்கே நான் பெட்டிக்குப் புதுப் பூட்டு வாங்கிவிட்டேன். டாக்டர் ஐயா உன் பெயரை எழுதி அனுப்பினார்.

ஏன் என்று போய்க் கேட்டேன். யாழ்ப்பாணத்து மனுஷன், பூசி மெழுகத் தெரியாது. "உம்மட கை நல்ல கை, செல்லம்மா. ஆனால் ஆக்கள் கதைச்சு முடிக்க முன்னம் நீர் மறுமொழி சொல்லிப்போடுவீர்..." அவர் முடிப்பதற்குள் நான், "அப்படியெல்லாம் இல்லீங்க ஐயா!" என்றேன். அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நானுஓயாவில் உன்னை ரயிலேற்ற வந்தேன், ஞாபகமிருக்கிறதா? கையெல்லாம் காட்டினேன். திரும்பும் வழியில், கொழும்புத் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொள்ளக் கூடாது, ஒரே வாரத்தில் திரும்பி வந்துவிட வேண்டும் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். இப்போதுதான் சொல்கிறேன்.

உனக்கு முன்னால் நம் ஆஸ்பத்திரியில் ஒரே சட்டம். சுகமில்லை என்று வந்தால் நாக்குக்கடியில் காய்ச்சல் குழாயை வைப்போம். காய்ச்சல் அடித்தால் ஓய்வுக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதுவோம். அடிக்காவிட்டால், 'காய்ச்சல் இல்லை, வேலைக்குப் போகலாம்' என்று எழுதுவோம். அந்தத் துண்டை மலையில் வேலை வாங்கும் கண்டாக்கையாவிடம் காட்டிவிட்டுக் கொழுந்து பறிக்க ஏற வேண்டியதுதான். மனசு ஒடிந்தவளுக்கு எந்தத் துண்டும் கிடையாது. அதனால் அவர்கள் எல்லோரும் 'மேல்வலி' என்று சொல்லப் பழகியிருந்தார்கள். நானும் ஒரு மாத்திரை, கொஞ்சம் தைலம் கொடுத்து அனுப்பப் பழகியிருந்தேன்.

நீ திரும்பி வந்து, குழாயைப் பார்த்த பிறகு, "ராத்திரி தூங்குறீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தாய். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாய். மூன்று மாதம் அரசாங்கச் சோறு தின்று சும்மா இருக்கப் படித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று சமையல்காரியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். ஆனால் என் மேசைக்கு முன்னால் நின்ற வரிசை மெல்ல மெல்ல உன் மேசைக்கு நகர்ந்துவிட்டது. ஊசி போட்டுக்கொள்ளக்கூட உன்னிடம் நின்றார்கள். உனக்கு ஊசி சரியாகப் போட வராது, ஞானம். அது உனக்கே தெரியும்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். உன் தம்பி கல்யாணத்துக்கு நீ வலப்பனைக்குப் போயிருந்த நாள். காலையில் முத்தாயி வந்தாள். மலரில் வருமென்று பெயரை மாற்றியிருக்கிறேன். யார் என்று உனக்குத் தெரியும். ஆறு மாதப் பிள்ளையைப் பறிகொடுத்து நாலு மாதம் ஆகியிருந்தது. வாரம் ஒரு தடவை உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவாள்.

"சின்ன நர்சம்மா இல்லீங்களா?"

"அவ இல்லேன்னா என்ன, நா இல்லையா? என்னான்னு எங்கிட்ட சொல்லு."

"அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லணுங்க."

"அவகிட்ட சொல்றத எங்கிட்ட சொன்னா வாய் வெந்து போயிருமா?"

வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு, "மேல்வலிங்க" என்றாள்.

மேல்வலி இல்லை என்று எனக்குத் தெரியும். கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தன, தலை வாரிப் பல நாளாகியிருந்தது. ஒரு நாள் ஓய்வு எழுதி, நீ வரும்வரைக்கும் கட்டிலில் படுக்க வைத்திருக்கலாம். என்னைத் தாண்டி உன்னைத் தேடுகிறாளே என்ற கோபம். குழாயை வைத்தேன், பார்த்தேன், வேலைக்குப் போகலாம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

பத்து மணிக்குக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவள் ஆற்றில் இறங்கியிருக்கிறாள். பக்கத்து மலையில் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த ஆண்கள் கண்டு, ஓடிப்போய் இழுத்து வந்தார்கள். உயிர் தப்பியது. நான் எழுதிய துண்டு அவள் இடுப்பில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நான்தான் எடுத்து எறிந்தேன்.

மறுநாள் நீ வந்து கேட்டாய். "அக்கா, அவ ஒங்ககிட்ட ஒண்ணும் சொல்லலியா?"

"மேல்வலின்னா. வேற ஒண்ணும் சொல்லல."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு அவள் கட்டிலுக்குப் போய்விட்டாய். நீ அதை நம்பினாயா? இல்லை, கேட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கொழும்பில் படித்ததை என்னிடமும் காட்டினாயா? இரண்டு வருஷம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு நாள் வாய்விட்டுத் திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு கேட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அதற்குள் மஞ்சள் காமாலை வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இங்கத்துச் செய்தி கேள். கொழும்பிலிருந்து மறுபடியும் கடிதம் வந்திருக்கிறது. இந்தத் தடவை டாக்டர் ஐயா என் பெயரை எழுதியிருக்கிறார். வேறு நர்ஸ் ஏது? திங்கட்கிழமை ரயில். ஆசைப்பட்ட பயிற்சி கிடைத்துவிட்டது, ஆனால் அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு அங்கே போய் உட்கார எனக்குக் கால் வரவில்லை.

போன வாரம் முத்தாயி வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினாள். எல்லாம் உன்னைப் பற்றித்தான். நீ எப்படிச் சிரிப்பாய், எப்படிக் கையைப் பிடித்துக்கொள்வாய், உன்னைப் போல இனி யார் வருவா என்று. எனக்கு உள்ளே பற்றி எரிந்தது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் முடிக்கும்வரை கேட்டேன். பிறகு சொன்னேன்.

"முத்தாயி, அன்னைக்கு ஒனக்கு மேல்வலி இல்லேன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வேலைக்குப் போகச் சொல்லி எழுதுனேன். ஞானத்தத் தேடி வந்தியேன்னு கோவம்."

அவள் அதிரவில்லை. "தெரியுங்கம்மா. ஒங்க மொகத்துலயே இருந்துச்சு" என்றாள்.

"தெரிஞ்சுமா இப்ப எங்கிட்ட வந்து ஒக்கார்ற?"

"வேற யாருகிட்டங்க போறது?"

அவ்வளவுதான் சொன்னாள். திட்டவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. எழுந்து வேலைக்குப் போய்விட்டாள்.

ஞானம், உன்னிடம் அவள் உன்னைத் தேடி வந்தாள். என்னிடம் வேறு ஆளில்லாமல் வருகிறாள். இந்த ஒன்றில்தான் எனக்கு உன் மேல் இருக்கும் பொறாமை தீராது போலிருக்கிறது.

திங்கட்கிழமை போகிறேன். உன் பெயரைக் காப்பாற்றுவதற்காக இல்லை, அதை நினைக்காதே. என்றைக்காவது ஒருத்தி வாசலில் நின்று, "செல்லம்மா நர்சு இருக்காங்களா? அவங்ககிட்டதான் சொல்லணும்" என்று கேட்க வேண்டும். அதுவரைக்கும் நான் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். இது சத்தியம்.

நீ கூப்பிட்ட முறைக்கு என்றும் உன் அக்கா,
செல்லம்மா