பத்துக்குப் பதில் முப்பது போட்டேன்

என் பிரியத்துக்குரிய மாப்பிள்ளை முனியசாமிக்கு,

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. நெஞ்சுவலி என்று உன்னைத் தொண்டியிலிருந்து காரைக்குடிக்குக் கொண்டுவந்த அன்று, ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நாலு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அப்போதாவது சொல்லியிருக்கலாம். "சாப்பிட்டியா மச்சான்?" என்று கேட்டாய். சாப்பிட்டேன் என்றேன். அதோடு சரி. மறுநாள் நீ இல்லை.

நமக்குள் ரத்த உறவு கிடையாது. நீ கடலுக்குப் போகிறவன், நான் பட்டறை வைத்திருக்கிற எலக்ட்ரீசியன். படகு மோட்டாரைப் பழுது பார்க்க வந்துதான் பழக்கமானாய். உன் மனைவி செல்விக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை என்று உன் மகள் காதுகுத்தில் என்னைத் தாய்மாமனாக உட்கார வைத்தாய். அன்றிலிருந்து நான் உனக்கு மச்சான், செல்விக்கு அண்ணன். அப்படிப்பட்டவன் செய்த காரியம்தான் இது.

நீ போவதற்கு நாலு வருஷம் முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, மோட்டாரைப் பேட்டரி, ஒயரோடு மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தாய். "பம்பு ஃபியூஸ் நிக்கவே மாட்டேங்குது மச்சான். ரெண்டு நாள்ல மூணு போயிருச்சு" என்றாய். டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்து மோட்டாருக்குத் தள்ளுகிற சின்ன பம்பு அது. அதன் ஃபியூஸ் ஓயாமல் போகிறதென்றால், ஒன்று பம்பு இறுகிப்போய் அளவுக்கு மேல் கரண்ட் இழுக்கிறது, இல்லை எங்கோ ஒயர் உரசித் தோல் போயிருக்கிறது. பம்பை ஓடவிட்டு எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று மீட்டரில் பார்த்து, ஒயரையும் நெடுகச் சோதித்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

எனக்கோ கானாடுகாத்தானிலிருந்து போன் மேல் போன். ஹோட்டலாக மாறிய ஒரு பெரிய வீட்டில் கல்யாணம், ஜெனரேட்டர் கிளம்பவில்லை. நீயும் பறந்தாய். "மீன்பாடு நல்லாருக்கு மச்சான். ரெண்டு நாளைக்கு ஓடுனாப் போதும்."

"போயிட்டு வா. திங்கக்கிழமை கொண்டா, பம்பைக் கழட்டிப் பாத்துருவோம்" என்றேன்.

பத்து ஆம்பியர் ஃபியூஸ் இருந்த இடத்தில் முப்பது போட்டேன். அதை உன்னிடம் சொல்லவும் இல்லை. ஒயர் சூடாகி எரிவதற்கு முன்னால் தானே எரிந்து கரண்டை நிறுத்தத்தான் ஃபியூஸ் இருக்கிறது; அளவு கூடினால் ஒயர் எரிந்தாலும் அது எரியாது. வருகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்கிற எனக்கு அது தெரியாதா, மாப்பிள்ளை?

ஞாயிற்றுக்கிழமை காலையில் நடுக்கடலில் மோட்டார் தீப்பிடித்தது. நீயும் உன் கூட்டாளி காளியும் தண்ணீரில் குதித்தீர்கள். பக்கத்துப் படகுக்காரர்கள் உங்களைத் தூக்கி, தீயையும் அணைத்தார்கள். உன் இடது கை முழங்கை வரை வெந்திருந்தது. காளிக்குக் கழுத்தும் ஒரு காதும்.

கட்டுப் போட்ட கையோடு அந்தக் கரிந்த மோட்டாரைப் பேட்டரி, ஒயரோடு என்னிடம்தான் கொண்டுவந்தாய். பேட்டரிப் பக்கம் தீ எட்டவில்லை. அங்கே நான் போட்ட ஃபியூஸ் முழுசாக இருந்தது. ஒயர்தான் அங்கிருந்து பம்பு வரைக்கும் உருகிக் கிடந்தது. "என்ன தெரியுது மச்சான்?" என்றாய். ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "எல்லாம் வெந்து கெடக்குப்பா. ஒண்ணும் தெரியல" என்றேன்.

நீ தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். "நாந்தான் மச்சான். டேங்க்ல ஊத்தும்போது கொஞ்சம் சிந்துச்சு. தொடைக்காம விட்டுட்டேன்."

உண்மையிலேயே சிந்தியதா? இல்லை, காரணம் தேடித் தேடி அப்படி நம்பிவிட்டாயா? கேட்க எனக்கு வாய் ஏது?

படகை விற்றாய். "என் கைய நம்பி இன்னொருத்தனை ஏத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஐஸ் கம்பெனியில் பெட்டி தூக்கப் போனாய். காளி உன்னோடு பேச்சை நிறுத்தினான். கரையில் உன்னைக் கவனமில்லாதவன் என்று பேசினார்கள். தொண்டிக்கு வரும்போதெல்லாம் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒருவரையும் தடுத்துப் பேசவில்லை.

போன மாதம் செல்வியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். "இதை அவுக இருக்கையில சொல்லியிருந்தீகன்னா, திரும்பக் கடலுக்குப் போயிருப்பாகல்லண்ணே?" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பிறகு அவளே சொன்னாள். "எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப் போகுது? அங்குட்டு மீன் ஏலக் கொட்டகையில அவுகளத் தப்பாப் பேசுனவுக இருக்காகல்ல, அவுககிட்டப் போய்ச் சொல்லுங்க."

மறுநாள் காலை ஏலம் முடிகிற நேரத்துக்குப் போனேன். எல்லோரையும் நிற்கச் சொல்லி, முனியசாமி மேல் தப்பு இல்லை, தப்பான ஃபியூஸ் போட்டது நான்தான் என்றேன். ஒருவர் சட்டையைப் பிடித்தார். இன்னொருவர், என் பட்டறையில் கிடந்த தன் மோட்டாரை அன்றைக்கே எடுத்துப் போய்விட்டார். காளி மட்டும் கிட்டே வந்து என் முகத்தையே பார்த்தான். "நாலு வருசம்யா. ஒரே தெருவுல இருந்துக்கிட்டு அவனைப் பாக்காத மாதிரிப் போனேன். என்னை ஏன்யா அப்படிப் போக விட்ட?" என்றான்.

நேற்று செல்வி போன் செய்தாள். காளி உன் வீட்டுக்கு வந்தானாம். உன் படத்துக்கு முன்னால் நின்று, உன் மகளிடம், "ஒங்கப்பனுக்குக் கடல்ல கை பிசகுனதே இல்லத்தா" என்று சொன்னானாம். அதைச் சொல்லிவிட்டு செல்வி வைத்துவிட்டாள். வீட்டுக்கு வாங்க என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை.

ஒன்று மட்டும் உனக்கு உறுதி சொல்கிறேன், மாப்பிள்ளை. யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், பம்பு இழுக்கிற கரண்டை அளந்து, ஒயரைச் சோதித்து, அதற்குரிய ஃபியூஸைப் போடாமல் ஒரு மோட்டாரும் என் பட்டறையை விட்டுப் போகாது. ஏன் இத்தனை நேரம் என்று கேட்கிறவர்களிடம் உன் பெயரைச் சொல்லி, நான் செய்ததையும் சொல்வேன். சொல்லச் சொல்ல மனசு லேசாகிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை. ஆனாலும் சொல்வேன்.

உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொல்லாத
உன் மச்சான்,
கருப்பையா
காரைக்குடி